யானைக்கு நீட்டிய வாழைப்பழம்

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் நான். மும்பை, மஸ்கட் என்று சுற்றிவிட்டு, துபாயில் ஒரு அரபி வீட்டில் சமையல்காரனாகச் சேர்ந்திருந்தேன். அந்த வீட்டு டிரைவருக்கு நாகூர்ப் பக்கம். பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கோடையில் முதலாளி குடும்பம் கென்யாவில் ஒரு வனவிலங்குச் சரணாலயத்துக்குக் கிளம்பியபோது எங்கள் இருவரையும் கூட்டிப் போனார்கள். வெளியூரில் யார் அறுத்த கோழியையும் முதலாளி நம்பமாட்டார். பாய் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும், நான் ஆக்க வேண்டும். எங்களுக்கு டிக்கெட் போட்டது அதற்காகத்தான்.

பாயின் மனைவி அப்போது நிறைமாதம். முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. இந்த முறை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். பாய் லீவு கேட்டார். "ஆப்பிரிக்கா போய் வந்ததும் போ, கலாஸ்" என்றார் முதலாளி. கோபமெல்லாம் இல்லை, பேச்சு முடிந்தது, அவ்வளவுதான்.

கூடாரம் போட்டிருந்த இடத்தில் பாயின் போனுக்கு சிக்னலே இல்லை. ஆபரேஷன் நாளன்று காலை, முன் ஜீப்பில் குடும்பம் போனது. சோற்றுப் பாத்திரங்களோடும் பழக்கூடையோடும் நாங்கள் பின்னால். வரிக்குதிரைகளைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு வந்தேன். பாய் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"பாய், அங்க பாருங்க, ஒட்டகச்சிவிங்கி!"

"இருக்கட்டும் தம்பி. அது எங்கயும் ஓடிடாது."

ஒரு வளைவில் யானைக்கூட்டம் பாதையைக் கடந்தது. முன் ஜீப் தாண்டிப் போய்விட, எங்கள் ஜீப்பை ஓட்டிய கென்யாக்காரர் மட்டும் நிறுத்தினார். குட்டியோடு ஒரு பெரிய யானை எங்கள் அருகிலேயே நின்றது. பாய் கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து வெளியே நீட்டி, தலையையும் குனித்துக் காட்டினார். எங்கள் ஊர்ப் பக்கம் கோயிலானாலும் தர்காவானாலும் அப்படித்தான். பழத்தை வாங்கிக்கொண்டு யானை தும்பிக்கையைத் தலையில் வைத்து ஆசீர்வதிக்கும்.

இந்த யானை காதை விரித்துப் பிளிறியது. கென்யாக்காரர் பாயின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். பழம் புழுதியில் விழுந்தது. யானை எங்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குட்டியை முன்னால் விட்டு நடந்தது.

கென்யாக்காரருக்கு வந்த கோபத்தில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. செத்துப்போயிருப்பாய் என்பது புரிந்தது. பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு துவா வாங்கிக்கலாம்னு பாத்தேன் தம்பி" என்றார்.

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மனைவி, ஆஸ்பத்திரி, இன்று, போன் இல்லை என்று சொன்னேன். அந்த மனிதர் பாயை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு முன் ஜீப்புக்கு வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார். டயர் பார்க்க வேண்டும் என்று சொன்னதாக எங்களிடம் சொல்லிக் கண்ணடித்தார். ஜீப்பைத் திருப்பி ஒரு குன்றின் மேல் ஏற்றினார். தன் போனை எடுத்து நீட்டினார்.

பாய் சொல்லச் சொல்ல, நம்பரை நான்தான் அழுத்தினேன். மாமியாரின் குரல் எனக்கே கேட்டது.

"பொம்பளப்புள்ள மாப்புள! தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்க. காலையிலேருந்து எங்க போயிட்டிய?"

"காட்டுல இருக்கேன் மாமி."

"துபாயில ஏது காடு?"

ஆப்பிரிக்கா வந்ததைப் பாய் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. சிரிக்கப் பார்த்து அழுதார். அந்தப் பக்கம் யாரோ போனைப் பிள்ளையிடம் கொண்டுபோனார்கள் போல. பாய் போனை என் காதில் வைத்தார். கம்மிய சின்னக் குரலில் ஒரு அழுகை. பிறகு கென்யாக்காரரின் காதிலும் வைத்தார். அவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார்.

கீழே தூரத்தில் முதலாளியின் ஜீப் மரநிழலில் எங்களுக்காக நின்றது.

"சோறு ஆறுது பாய்" என்றேன்.

"ஆறட்டும்" என்று சொல்லி, போனை மறுபடியும் தன் காதுக்குக் கொண்டுபோனார்.