சட்டை நுனியில் பச்சைக் கறை

பெங்களூரு பொம்மசந்திராவில், கடலுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதை வைத்து மீனுக்கு இரை எவ்வளவு என்று கணிப்பார்களாம்.

கருவிகளை இருட்டறையில் வைத்து அளக்கும் வேலை எங்கள் சீனியர் டெக்னீஷியனுடையது. வெள்ளைச் சட்டையில் பட்டு வெளிச்சம் சிதறினால் அளவு கெட்டுவிடும் என்று வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டைதான். பஸ்ஸில் எல்லோரும் "சாமி" என்பார்கள். மறுக்கக்கூட அவருக்குத் தெம்பிருக்காது. உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார்.

ஒரு வருஷம் கடலில் கிடந்த கருவி திரும்பி வந்தது. அதன் கண்ணாடியில் ஈரம் காயாத பாசி. அந்த அழுக்கோடு ஒருமுறை அளந்து, துடைத்தபின் மறுபடி அளக்க வேண்டும். அப்போதுதான் பாசி மறைத்த வெளிச்சம் எவ்வளவு என்று தெரியும். எங்களை அதைத் தொடவே விடமாட்டார். அன்று இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்திருந்தார். கருவியை எடுத்தவர், என்னோடு பேசிக்கொண்டே சட்டை நுனியால் துடைத்துவிட்டார்.

"ஐயோ, சார்!"

குனிந்து பார்த்தார். கறுப்புத் துணியில் பச்சைக் கறை.

"போச்சுப்பா. கடல்ல வெளிச்சம் கொறஞ்சுதா, இல்ல பாசி மறைச்சுதா? இனி யாராலயும் சொல்ல முடியாது."

"யாருக்கு சார் தெரியப்போவுது? சும்னே ஒரு நம்பர் போட்டுடுங்க."

"ஏற்கனவே அசதியா இருக்கு. பொய்ய வேற ஞாபகம் வெச்சுக்கணுமா?" என்று, கருவியை அனுப்பியவர்களிடம் நடந்ததைச் சொல்லப் போனை எடுத்தார்.

நான் வேலையை விடும்வரை, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதை மறுபடி பார்க்கவில்லை. தூசு படிந்த கண்ணாடி வழியாகவே ஓசூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார்.