நான் காய்ச்சாத கஞ்சி

பார்லி என்றால் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் சீக்காளிக்குக் கொடுக்கும் கஞ்சி, அவ்வளவுதான். அந்த வாடை வந்தால் போதும், யாருக்கு உடம்பு என்று பக்கத்து வீட்டு மாமி விசாரிக்க வந்துவிடுவாள். அந்தப் பார்லிக்காக என் புருஷன் கல்யாணமான கையோடு நீலகிரி மலைக்குப் போனார். யுத்த காலம். சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த டப்பா பார்லி நின்றுபோயிருந்தது. மலைக் குளிரில், கிணறு வாய்க்கால் எதுவும் இல்லாமல், பெய்கிற மழையை மட்டும் நம்பி எந்த ரகம் நன்றாக விளைகிறது என்று பார்க்க ஒரு பண்ணை போட்டிருந்தார்கள். அவருக்கு அதில் தற்காலிக வேலை, தகரக் கொட்டகையில் ஜாகை. நான் இங்கே மாமனார் மாமியாரோடு.

"ஒரு ரகம் தேறிட்டா வேலை நிரந்தரமாயிடும். பண்ணையிலேயே ரெண்டு ரூம் வீடு தருவா. உன்னை அழைச்சுண்டு போயிடறேன்" என்பார் ஊருக்கு வரும் ஒவ்வொரு தடவையும். நம்பினேன். என் மாமியாரோடு ஒரே சமையலறையில் புழங்கிப் பார்த்தால் தெரியும், அந்த இரண்டு ரூம் எவ்வளவு பெரிய அரண்மனை என்று.

மலையில் மூடுபனி விலகாது. கதிரடித்த தானியம் காயாது, சாக்கிலேயே பூசணம் பூத்துவிடும். ஈரத்தோடு நிறுத்தால் மட்டமான ரகம்கூடக் கனமாகக் காட்டி ஏமாற்றும். அதனால் அறுவடையானதும் ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனித் துணிப்பையில் கட்டி, நம்பர் போட்டு, ரயிலில் கொண்டுவருவார். எங்கள் மொட்டைமாடி வெயிலுக்கு அப்படி ஓர் உத்தியோகம் கிடைத்தது. காயப் போடுவதும், ஒரு பை மணி இன்னொன்றில் கலக்காமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. பிறகு பைக்கு ஆயிரம் மணி எண்ணிக் கொடுப்பேன், அவர் நிறுப்பார். எண்ணும்போது பேசக்கூடாது. நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே அந்த நேரத்தில்தான். அதிலும் பேச்சுக்குத் தடை!

ஏழாம் நம்பரை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் தெரியும். மணி பெரிசு இல்லை, கெட்டி. மழை ஒழுங்காகப் பெய்த வருஷம் மற்ற ரகங்கள் அதை முந்திக்கொண்டு போயின. மழை பொய்த்து, உறைபனியும் சேர்ந்து அடித்த வருஷம் அவை கதிர் கருகிச் சாய்ந்தன. இது மட்டும் நின்று, கொஞ்சமோ நஞ்சமோ கொடுத்தது. "நல்ல வருஷத்துல எதுவும் விளையும். கெட்ட வருஷத்துல நிக்கறதுதான் ரகம்" என்று பெருமையாகச் சொன்னார். அடுத்த பருவம் ஏழாம் நம்பரைப் பெரிய அளவில் விதைத்துக் காட்டுவதாக மேலதிகாரியிடம் பேச்சு. மலையில் வைத்த மிச்சமெல்லாம் பூசணத்துக்குப் போய்விட்டது. இருந்த விதை அவ்வளவும் எங்கள் மாடியில்தான்.

தானியத்தோடு வந்திருந்தவர் பட்டணத்து ஆபீஸுக்குப் போயிருந்த ஒரு நாள். நான் வீட்டு விலக்காகிக் கொல்லை அறையில் உட்கார்ந்திருந்தேன். தட்டும் சொம்பும் தனி, எதையும் தொடக்கூடாது, படி தாண்டக்கூடாது. மாமனாருக்கு நீர்க்கடுப்பு. கடையில் பார்லி இல்லை. முற்றத்தில் உரல் இடிக்கும் சத்தம் கேட்டது. கூடவே வேலைக்காரி அலுத்துக்கொள்வதும்.

"இன்னா பார்லிமா இது, தோலு வுடவே மாட்டேங்குது. அல்லாப் பையும் ஒண்ணா கொட்டிக்கினு இடிக்கிறேன், பரவால்லியா?"

நான் அலறினேன். "ஐயோ அம்மா, அது விதை! இடிக்காதீங்கோ!"

"தூரமா இருக்கச்சே அங்கேர்ந்து கத்தாதே" என்றாள் மாமியார். "ஆத்துல பார்லியை வெச்சுண்டு கடை கடையா அலையணுமா? எல்லாம் பார்லிதானே."

ஓடிப்போய் அந்தப் பைகளைத் தொட்டிருந்தால் போதும். தீட்டு என்று மூலையில் தள்ளியிருப்பார்கள், விதை பிழைத்திருக்கும். அந்தப் புத்தி எனக்கு வந்தபோது உரல் ஓய்ந்திருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். கொல்லைப்பக்கம் துவைத்த வெறும் பைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீயும் ஒரு தம்ளர் குடிடா, உடம்புக்குக் குளிர்ச்சி" என்று அவர் அம்மா நீட்டினாள். வாங்கிக் குடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மார்கழியில் கச்சேரி கேட்க மயிலாப்பூர் வந்த மேலதிகாரி, வழியில் எங்கள் வீட்டுப் படியேறினார். நான் காப்பியை வைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"விதைப் பார்லியைக் கஞ்சி வெச்சது நீதானாம்மா? உன் ஆம்படையான் அன்னிக்கே வந்து எல்லாம் சொன்னார். ஒண்ணும் தெரியாத பொண்ணு, மன்னிச்சுடுங்கோன்னார். போகட்டும், பண்ணையையே மூடச் சொல்லி உத்தரவு வந்தாச்சு. ஏழாம் நம்பர் கையில இருந்தா வாதாடியிருக்கலாம்."

கதவோரம் நின்ற மாமியார் மெள்ள உள்ளே நழுவினாள். என் புருஷன் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணி எண்ணி விரல் தேய்ந்தவள் நான். நான் ஒண்ணும் தெரியாத பொண்ணு!

அதிகாரி படியிறங்கியதும் கேட்டேன். "என் பேரை ஏன் சொன்னேள்?"

"அம்மா பேரை எப்படிச் சொல்றது?" என்றார்.

"ஏழாம் நம்பர் கெட்ட வருஷத்துலயும் நின்னுது. நீங்கோ நிக்கலையே" என்றேன்.

மறுமாதம் அவருக்குப் பட்டணத்து ஆபீஸிலேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சமையலறையிலேயே என் காலம் போயிற்று. வயலில் நிற்கிற பார்லி எப்படி இருக்கும் என்று இன்றுவரை நான் பார்த்ததில்லை.