ஃபுளோரன்ஸில் இல்லாத இரண்டு தாள்கள்

எங்கள் வீட்டில் காகிதங்களுக்குக் காவல் நான்தான். பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ் என்று எல்லாம் ஒரு நீலக் கைப்பைக்குள் தனித்தனி பிளாஸ்டிக் உறைகளில் இருக்கும். அந்தப் பையில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. என் மனைவி இதற்காக என்னைத் ‘தாசில்தார்’ என்று கூப்பிடுவாள். கூப்பிடட்டும். ஒவ்வொரு தடவையும் அனுமதியை நீட்டித்துக்கொண்டு பதினோரு வருடமாக டெக்ஸாஸில் குடியிருப்பவனுக்குத்தான் ஒரு தாளின் அருமை தெரியும்.

இத்தாலிக்குக் கிளம்பியபோது அந்தப் பையில் இருக்க வேண்டியவற்றில் முக்கியமானவை இரண்டு தாள்கள். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் அமெரிக்காவை விட்டு வெளியே போனால், திரும்பி உள்ளே வருவதற்கு ஓர் அனுமதித் தாள் வேண்டும். எனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. மகள் அங்கேயே பிறந்தவள், அவளுக்குக் கவலை இல்லை. அசல்தான் செல்லும். ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்று பல்லை இளித்தால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

ஃபுளோரன்ஸில் அது எங்களுக்குக் கடைசி நாள். மறுநாள் காலை விமானம். பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறுவதற்கு மதியம் இரண்டரை மணிக்கு நேரம் வாங்கியிருந்தோம். அதைத் தவறவிட்டால் போனதுதான். பக்கவாட்டு வாசலில் வரிசை நின்றது. வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்புப் பளிங்கு பதித்த சுவர் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது.

“டூ வி டேக் அவர் ஷூஸ் ஆஃப்?” என்று மகள் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. டெக்ஸாஸில் எங்கள் ஊரான ஃபிரிஸ்கோவில் அனுமார் கோயிலுக்குப் போகிற பழக்கம்.

“வேண்டாம் கண்ணு. இங்க ஷூவோடதான் போவாங்க,” என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளே வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஏதோ கீழே விழுந்துவிட்டதென்று நினைத்துக் குனிந்து தேடினாள். நான் நெளிந்தேன். இப்படி நெளிவது எனக்கு வாடிக்கை. புதுக் கார் வாங்கியபோது வீட்டு முன் டிரைவ்வேயில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவைத்தவள் அவள். அக்கம்பக்கத்தார் முன்னால் மானம் போகிறதென்று கத்தியவன் நான். கோட்டு மாட்டும் அலமாரியைக் காலி செய்து அவள் பூஜை அறையாக்கியபோது, “சாமிக்கு ஹேங்கர் எத்தனை வேணும்?” என்று கேட்டவனும் நான்தான்.

வாசலில் சீருடைக்காரர் டிக்கெட்டில் இருந்த பெயர்களுக்குப் பாஸ்போர்ட் கேட்டார். நீலப் பையைத் திறந்தேன். மூன்று பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டிய உறை தட்டையாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அந்த நிமிடமே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதுதான் கொடுமை. தொலைந்திருந்தால்கூட யார் மீதாவது பழி போட்டிருக்கலாம்.

கிளம்பிய அன்று காலை, மனைவி மாடியில் மகளுக்குத் தலைசீவிக்கொண்டிருந்தாள். எங்கள் அலுவலகத்தில் அந்த வாரம்தான் ஒரு பிரிவையே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அமெரிக்கா திரும்பும்போது ஏர்போர்ட்டில் என்ன கேட்பார்களோ, எதைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்களோ என்று பயந்தேன். யாரும் பார்க்காத நேரமாக அந்த அலமாரிக் கதவைத் திறந்தேன். நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகை, பரீட்சை ஹால் டிக்கெட் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்து எடுப்பார்கள் இல்லையா, அதேபோல இரண்டு தாளையும் பிள்ளையார் படத்தின் அடியில் வைத்தேன். ஐந்து நிமிடம் இருக்கட்டும், எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. பெட்டி, பெட்டி என்று ஓடினேன்.

“என்னங்க, எல்லாம் இருக்கில்ல?” பேராலய வாசலைத் தாண்டிப் போயிருந்த மனைவி திரும்பிக் கேட்டாள்.

“இருக்கு, இருக்கு. நட,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயம் ஒரு பக்கம். ஆனால் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. தாள் இல்லை என்று சொன்னால், எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எங்கே என்று சொன்னால், யார் வைத்தது என்று சொல்ல வேண்டும்.

படிக்கட்டு ஆரம்பித்தது. ஒரு ஆள் அகலம். கல் சுவர் இரண்டு பக்கமும் தோளை உரசியது. முன்னால் மகள், அவளுக்குப் பின்னால் மனைவி, கடைசியில் நான், எனக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெரிய கூட்டம். திரும்பி இறங்க வழியே இல்லை. ஒவ்வொரு படிக்கும் மனசு ஒரு கணக்குப் போட்டது. இத்தாலி விசாவில் இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருக்கிறது. முன்ஜாக்கிரதையாகக் கூடுதல் நாள் கேட்டு வாங்கியவனும் இந்தத் தாசில்தார்தான். ஃபிரிஸ்கோவிலிருந்து கூரியர் வர மூன்று நாளா, நான்கு நாளா? இடையில் சனி, ஞாயிறு. வராவிட்டால்? விசா முடிந்த பிறகு இங்கே இருக்க முடியாது, அங்கே போக முடியாது. வேலை போகும். வீட்டுச் சாவி கையில் இருக்கும், வீட்டுக்குள் போக முடியாது. மகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? ஃபோனைப் பார்த்தேன். அந்தச் சுவர்களுக்குள் சிக்னல் ஒரு பொட்டுகூட இல்லை.

“ஏங்க, இப்படி வேர்க்குது உங்களுக்கு? உக்காந்து உக்காந்தே வேல பாத்தா இப்படித்தான்,” என்றாள் மனைவி. சுருள் படியின் வளைவில் சின்ன ஜன்னல் இருந்தது. அங்கே ஒதுங்கி எனக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை, எரிந்து விழுந்தேன். “பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க, மூவ் பண்ணு!” அவள் பாட்டிலை வாங்கி மூடினாள்.

பாதி உயரத்தில் படி முடிந்து, குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றிப் போகும் குறுகலான நடைபாதை வந்தது. கீழே பேராலயத்தின் தரை எங்கோ ஆழத்தில் இருந்தது. மனிதர்கள் கடுகு மாதிரி நகர்ந்தார்கள். தலைக்கு மேல் முழுவதும் இறுதித் தீர்ப்பு ஓவியம். உச்சியில் தேவதூதர்கள், வெளிச்சம், மேகம். எங்களுக்கு மிக அருகில், கைக்கு எட்டிவிடும் போல, நரகம். பற்களும் கொம்புகளுமாக ஒரு கூட்டம் ஆட்களை கூர்நுனிக் கம்பிகளால் நெருப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

“ஹூ ஆர் தே, அம்மா?” என்றாள் மகள்.

“பொய் சொன்னவங்களா இருக்கும்,” என்றாள் மனைவி, சாதாரணமாக.

இங்கே சிக்னல் இரண்டு கோடு காட்டியது. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கை விரலால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் செய்தி தட்டினேன். நாகூர்ப் பக்கத்துக்காரர், என் மனைவிக்கு நெருங்கிய தோழி. நாங்கள் ஊரில் இல்லாதபோது எங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவர். கராஜ் கதவைத் திறக்கும் எண் அவருக்குத் தெரியும். ‘பூஜை அலமாரியில் பிள்ளையார் படத்துக்கு அடியில் இரண்டு தாள் இருக்கும். இருக்கா என்று உடனே பார்த்துச் சொல்லுங்கள். ரொம்ப அர்ஜென்ட்.’ அங்கே காலை எட்டு மணி தாண்டியிருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுத் திரும்பும் நேரம். செய்தி போனதற்கு ஒரு குறி விழுந்தது. சேர்ந்ததற்கு விழவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். காவலாளி கைதட்டி என்னை நகரச் சொன்னார்.

அதற்கு மேல் படி இன்னும் மோசம். குவிமாடம் உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. இரண்டு ஓட்டுக்கும் நடுவே, வளைவை ஒட்டிச் சாய்ந்து சாய்ந்து ஏற வேண்டும். தலை இடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். உயரத்துக்குப் பயந்து அல்ல என்று எனக்கு மட்டும் தெரியும். கடைசியில் ஒரு ஏணி மாதிரியான படியில் தவழ்ந்து வெளியே வந்தால், ஒரேயடியாகக் காற்றும் வெயிலும். சுற்றிலும் சிவப்பு ஓட்டுக் கூரைகள், அதற்கப்பால் மலைகள். எல்லோரும் “ஆ” என்றார்கள்.

நான் ஃபோனைத்தான் பார்த்தேன். இப்போது இரண்டாவது குறியும் விழுந்திருந்தது. பதில் இல்லை.

அடித்தது மனைவியின் ஃபோன். வீடியோ கால். பதறிப்போய் அதை வாங்கக் கையை நீட்டினேன். அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். ‘அவளிடம் சொல்லாதீர்கள்’ என்று எழுத எனக்குத் தோன்றாமல் போனது. ஒரு பெண் தன் தோழி வீட்டுக்குள் போனால் தோழியைத்தானே கூப்பிடுவாள்.

“ஏம்மா, ஒங்க வூட்டுக்காரர் மெசேஜ் போட்டாரு. நான் உள்ள வந்துட்டேன். இந்தக் கதவத் தொறக்கலாமா? நான் கை வெக்கலாமா? ஒண்ணும் தப்பில்லியே?”

“எதத் தொறக்கணும்? என்ன மெசேஜ்?” மனைவி என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

“பிள்ளையார் படத்துக்குக் கீழ பேப்பர் இருக்கான்னு கேட்டாரே.”

“நீ தாராளமா தொற,” என்றாள் மனைவி. குரல் மாறிவிட்டது. திரையில் அலமாரிக் கதவு திறந்தது. விளக்கு, குங்குமச் சிமிழ், பிள்ளையார். அடியில் இரண்டு தாள்கள், அலுங்காமல். அவற்றின் மேல் வாடிக் கருத்துப்போன ஒரு செம்பருத்தி. எங்கள் பின்கட்டுத் தொட்டியில் பூத்தது. அதைப் பறித்து வைத்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

“இந்தப் பூ யாருங்க வெச்சது?” என்று மனைவி என்னைக் கேட்டாள்.

அத்தனை பேர் படம் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில், “நான்தான்,” என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது வைத்தேன், ஏன் வைத்தேன், வாசலில் எப்போது தெரிந்தது, ‘இருக்கு’ என்று பொய் சொன்னது. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். என் வண்டவாளம் முழுவதும் தண்டவாளத்தில் ஏறிவிட்டது. இத்தனை வருடக் கேலிக்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அவள் கத்தவில்லை. “அது இல்லாம நம்மள உள்ள விடவே மாட்டாங்களா?” என்றாள்.

“மாட்டாங்க.”

“கூரியரும் டைமுக்கு வரலன்னா?”

“ஊருக்குத்தான் போகணும். வேற வழி இல்ல.” எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அவள் சுவரில் சாய்ந்தாள். காற்றில் பறந்த துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு கூரைகளையே பார்த்தாள். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்திக்கொண்டிருந்தவள். என்னோடு வந்த பிறகு பல வருடம் வேலை செய்ய அவளுக்கு அனுமதி இல்லை. அனுமதி வந்தபோது யாரும் வேலை தரவில்லை. அவள் முகத்தில் பயத்தைத் தேடினேன். பயம் இல்லை. பாரத்தை யாரோ ஒரு நிமிடம் வாங்கிக்கொண்டதுபோல அந்த முகம் இளகியிருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் ஃபிரிஸ்கோவில் பார்த்ததே இல்லை.

“இங்கிருந்து கோயமுத்தூருக்கு டைரக்ட் ஃபிளைட் இருக்காங்க?” என்று கேட்டாள்.

மகள் எங்கள் நடுவே புகுந்து, “ஆர் வி நாட் கோயிங் ஹோம்?” என்றாள். மனைவி உடனே குனிந்து அவள் தலையைத் தடவினாள். “போறோம் கண்ணு. கண்டிப்பா போறோம்.”

அதன் பிறகு நான் வெறும் பொம்மை. குவிமாடத்தின் உச்சியில் நின்றுகொண்டே அவள் தோழியிடம் எந்தக் கூரியர், எந்த உறை, எந்த விலாசம் என்று அடுக்கினாள். கீழே இறங்கியதும் சதுக்கத்தின் படியில் உட்கார்ந்து விமானத்தை மாற்றினாள், ஹோட்டலைப் பேசினாள், மகளின் ஆசிரியைக்கு எழுதினாள். நான்கு நாளும் காலையில் எழுந்து உறை எங்கே வந்திருக்கிறது என்று முதலில் பார்த்தது அவள்தான். நான்காம் நாள் மதியம் ஹோட்டல் வரவேற்பில் உறை வந்து சேர்ந்தது. விசாவின் கடைசி நாளில் கிளம்பினோம்.

டாலஸில் அதிகாரி இரண்டு தாளையும் புரட்டினார், முத்திரை குத்தினார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. சந்தோஷத்தில் அவள் தோளைத் தொட்டேன். அவள் பாஸ்போர்ட்டுகளை அடுக்கி, நீலப் பையின் சரியான உறைகளில் வைத்து, ஜிப்பை மூடி என்னிடம் நீட்டினாள். எங்களைத் திரும்பக் கூட்டிவந்தது அவள்தான், திரும்ப வர விரும்பாதவள்.

குவிமாடத்தின் உச்சியில் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான். ஆனால் அலுவலகத்தில் ஒரு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு தேடிப் பார்த்தேன். கோயமுத்தூருக்கு நேரடி விமானம் கிடையாது. வழியில் இறங்கி மாற வேண்டும். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.