படைக்கு மாலை போட்ட சீதேவி

படையின் ஆளாம், குட்டு வெளிப்பட்டதும் ஓடிவிட்டாளாம்! சீதேவியைப் பற்றி இப்படிக் கதைக்கிற வாய்களைத்தான் கேட்க வேண்டும்: அன்றைக்கு மாலை போடாதவர் யார்? ஊரே சந்தியில் நிறைகுடம் வைத்தது. அதே ஊர்க்காரி ஞானாம்பிகை, இன்று மொன்றியலில் இந்தக் கோட்-டி-நேஜ் கட்டடம் முழுக்கக் கதை பரப்புகிறவள், அவளுடைய தமக்கைதான் ஆலாத்தித் தட்டு பிடித்தாள். சீதேவி செய்த பிழை, பத்திரிகைப் படத்தில் விழுந்தது ஒன்றுதான்.

எண்பத்தேழு ஆடிக் கடைசியில் கடல் தாண்டி அமைதிப்படை வந்தபோது, இனிச் சண்டை இல்லை என்று சனம் நம்பியது. சீதேவி முற்றத்துச் செவ்வரத்தையை மொட்டையாக்கி மாலை கட்டினாள். பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார் அவள் புருஷன் அரியரத்தினம். ஐப்பசியில் அதே படை வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து அவரைக் கிணற்றடியில் சுட்டது. வீடும் எரிந்தது. அவர் முகம் மிஞ்சியது மாலை போட்டபோது எடுத்த அந்தப் பத்திரிகைப் படத்தில் மட்டும்.

மொன்றியலில் அகதி விசாரணையில், "இவர்தான் என்ர மனுசன்" என்று அதைத்தான் கொடுத்தாள். வேறு படம் இருந்தால் கொடுத்திருக்க மாட்டாளா?

"உலகமே மெச்சுகிற அமைதிப்படை. நீங்களே மாலை போட்டிருக்கிறீர்கள். பிறகென்ன பயம்?" என்று அதிகாரி மொழிபெயர்ப்பாளர் வாயால் கேட்டார். பதிலுக்கு இரண்டு கிழமை தவணை.

அன்று பின்னேரமே ஞானாம்பிகை வந்துவிட்டாள். அவளுடையதும் கட்டடத்தில் பாதிப்பேருடையதும் அதே படைக்குப் பயந்து வந்த அகதிக் கேசுதான்.

"துவக்கை நீட்டி வெருட்டித்தான் போடச் சொன்னவங்கள் எண்டு சொல்லு. ஒரு பொய்தானே."

"நான் சந்தோசமாத்தான் போட்டனான் அக்கா. இவற்ற முகத்தைப் பாருங்கோ. வெருட்டினவனுக்கு முன்னால ஆரும் உப்பிடிச் சிரிப்பினமோ?"

"நீ கெட்டது போதாதெண்டு எங்கட கேசையும் கெடுக்கப்போறியோடி?"

"உங்கட கேசுக்காக என்ர மனுசன்ர சிரிப்பைப் பொய்யாக்கச் சொல்லுறியளோ?"

அதோடு கட்டடத்தில் முகம் கொடுப்பாரில்லை. உடுப்புத் தோய்க்கும் அறையில் அவளுடைய ஈரத் துணி தரையில் கிடந்தது. ஒரு காலை அவள் கதவில் கடதாசிப் பூமாலை தொங்கியது. அவள் அதைக் கிழிக்கவில்லை, மடித்து வைத்தாள்.

தவணையன்று நிமிர்ந்து நின்று சொன்னாள்: "மாலை போட்ட கையாலதான் வாய்க்கரிசியும் போட்டனான். ரண்டும் உண்மை. எழுதுங்கோ."

தை மாதம் மறுப்புக் கடிதம் வந்தது. லோயர் மேல்முறையீடு போட்டார். தீர்ப்பு வரும்வரை இருக்க, ஆற்றுக்கு அப்பால் லவாலில் ஒரு அறை கிடைத்தது.

போகிற காலை, ஒரு பை, பெரிய குளிர்க்கோட்டு, உள்ளே நெஞ்சோடு அந்தப் படம். கதவுகள் விரல் அளவு திறந்திருந்தன.

"மாலைக்காரி போறா," என்று யாரோ சிரித்தார்கள்.

சீதேவி இரண்டாம் மாடியில் நின்றாள். கடதாசி மாலையை எடுத்து ஞானாம்பிகையின் கதவுப்பிடியில் கொழுவினாள்.

"ஆலாத்தி பிடிச்ச உங்கட அக்காவின்ர பங்கு," என்றாள். படியிறங்கி, வாசல் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, பனிக்குள் இறங்கி நடந்தாள்.