பேரு விடப்போறோம், வாங்க

எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் என்று முடிவானதும் வன்னியம்பட்டியில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தேன். "நான் வரலை" என்று சொல்லி வைத்துவிட்டார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்ததைக்கூட மெல்ல ஏற்றுக்கொண்டிருந்தார். ஞானஸ்நானம் என்ற சொல்தான் அவரைக் குத்திவிட்டது. "எம்பேத்திய முக்கியெடுத்து அவிய ஆளாக்குததை நான் நின்னு பாக்கணுமோ?" என்று அம்மாவிடம் சத்தம் போட்டாராம்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மாமியார் இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. மறுநாளே லீவு சொல்லிவிட்டு, என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் பஸ் ஏறினார்.

"அண்ணே, பேத்திக்குப் பேரு விடப்போறோம், வாங்க" என்றார்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுக்கு வேற பேருல்லா சொன்னாவ."

"கோயில்ல ஞானஸ்நானம்னு சொல்லுவாவ. வீட்டுல நாங்க பேரு விடுததுன்னுதான் சொல்லுவோம். போதகர் ஜெபம் பண்ணி, தலையில தண்ணி விட்டு, சபையில சேப்பாரு. அதை உங்ககிட்ட ஒளிக்கமாட்டேன். அதுக்காக அவ உங்க பேத்தி இல்லைன்னு ஆயிருமா? பேரை நீங்களே சொல்லுங்க. கூட பைபிள்ல இருந்து ஒரு வேதப்பேரும் சேத்துக்கிடுதோம்."

அப்பா பிள்ளையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எங்கம்மா பேரை விடலாமா?" என்று கேட்டார்.

"அதைவிட என்னண்ணே வேணும்?"

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகக் கோயிலுக்கு வந்துவிட்டார். குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள் என்று போதகர் எங்களைத்தான் கேட்டார். நாங்கள் வாய் திறப்பதற்குள், பின்வரிசையில் இருந்து அணிவகுப்புக் குரலில் அப்பா சொல்லிவிட்டார். கோயிலே திரும்பிப் பார்த்தது. தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டாள். அவர் விறுவிறுவென்று முன்னால் வந்து, தோள் துண்டால் அவள் தலையைத் துவட்டினார். போதகர் சிரித்தபடி அடுத்த ஜெபத்தை நிறுத்திக் காத்திருந்தார்.

வெளியே வந்ததும் அப்பா, "இம்புட்டுத் தண்ணிக்கா அம்புட்டுச் சண்டை போட்டேன்!" என்றார். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிவந்த பால்கோவாவை அப்பாவே எல்லோருக்கும் கொடுத்தார்.

பேத்தியை அந்தப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது அன்று மட்டும்தான். பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. இன்றும் "ஆத்தா" என்றுதான் கூப்பிடுகிறார். அவளும் ஓடிப்போகிறாள்.