நாற்பத்தெட்டுப் போத்தல்கள்

ஜீவமணி கடலுக்குள் போனதில்லை. தூத்துக்குடியில் கடல்நீர் ஆய்வு நிலையத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டாள். கடல் அவள் மேஜைக்கு வரும், போத்தல்களில், எண் ஒட்டி. உப்பு எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்த்துத் தாளில் எழுதுவாள். பிறகு போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.

ஊர் நாசரேத். அப்பா உபதேசியார். பாளையங்கோட்டையில் ரசாயனம் படித்து, இரண்டு வருஷம் பள்ளியில் பாடம் எடுத்து, அது பிடிக்காமல் இந்த வேலைக்கு வந்தாள். மில்லர்புரத்தில் தங்கை தேவகனியோடு குடியிருந்தாள். முப்பத்தைந்து தாண்டியதும் ஊரில் கல்யாணப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் நிலையத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் அந்தக் கட்டுரையைப் படித்தாள். மீத்தேன் சேற்றில் பிறக்கிற வாயு. ஆனால் சேறே இல்லாத நடுக்கடலிலும், மேல்நீரில், இருக்கவேண்டியதைவிட அதிகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்கும் தெரியவில்லை. ஜீவமணி கடல் வரைபடத்தை எடுத்து, புன்னைக்காயலில் ஆறு கடலில் விழுகிற இடத்திலிருந்து முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டுகளான முத்துப்பார்களைக் கடந்து ஆழம் வரைக்கும் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். கோட்டில் பன்னிரண்டு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு ஆழத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். நாற்பத்தெட்டுப் போத்தல்.

நிலைய அதிகாரி சிவசுப்பிரமணியன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கடல்ல மாடு எங்கம்மா கிடக்கு, சாண வாயு வாரதுக்கு?”

“மாடு வேண்டாம் சார். சேறு போதும்.”

“சேறு நம்ம முனிசிபாலிட்டி ஓடையில கிடக்கே. அங்கன அளந்துட்டுப் போகவேண்டியதுதான?”

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். கெட்டவர் இல்லை. கோப்பு நகர வேண்டும், தன் மேஜையில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

கோப்பு நகர்ந்தது. எழுபத்தைந்தில் படகு கிடைத்தது. புறப்பட நான்கு நாள் இருக்கும்போது சுழலித் தண்டு உடைந்தது. எழுபத்தாறில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் எல்லைக்கோடு வந்தது. அவளுடைய புள்ளிகளில் இரண்டு அந்தப் பக்கம் போய்விட்டன. கோட்டைச் சாய்த்து வரைந்து மறுபடி அனுப்பினாள். நீரில் இருக்கும் கிருமிகளைக் கொல்ல ஒவ்வொரு போத்தலிலும் இரண்டு சொட்டு பாதரச விஷம் விடவேண்டும். அந்த விஷத்தைப் படகில் ஏற்ற யாரிடம் அனுமதி வாங்குவது என்பதைக் கண்டுபிடிக்க மட்டும் ஏழு மாதம் ஆனது.

பயண மனு ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘செல்வோர்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். முதல் பெயராகத் தன் பெயரை எழுதுவாள். ஒவ்வொரு முறையும் மேலிடத்திலிருந்து சிவப்பு மையில் குறுக்குக் கோடு விழுந்து திரும்பும். ஓரத்தில் ஒரு வரி: ‘படகில் பெண் ஊழியருக்கு வசதி இல்லை.’

“வசதின்னா என்னத்தக்கா சொல்லுதாங்க?” என்றாள் தட்டச்சு பிளாரன்ஸ். துறைமுகத்து வீட்டுப் பெண். அவளுடைய அப்பாவும் மாமாமாரும் தோணிக்காரர்கள்.

“கக்கூஸ்.”

“ஆம்பளையளுக்கு மட்டும் அங்கன என்ன பங்களாவா கெட்டி வச்சிருக்கு? பின்னால ஒரு பலகை, ஒரு ஓட்டை. ஒரு சாக்க இழுத்துக் கெட்டினா நமக்கும் ஆச்சு.”

ஜீவமணி அதையும் எழுதிக் கேட்டாள், ‘சாக்கு’ என்பதற்குப் பதில் ‘தற்காலிக மறைப்பு’ என்று. பதில் வரவில்லை.

எழுபத்தேழில் எல்லாம் கூடி வந்தது. பம்பாயில் ஓர் ஆய்வகம் வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவியை அவளுக்காக ஒரு வாரம் ஒதுக்கியது, அக்டோபர் நடுவில். மாதிரிகள் மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. அதிகாரி ஜூலை இருபத்தெட்டு என்று படகுக்கு நாள் குறித்திருந்தார்.

“சார் இந்த ஊர்ல எத்தன வருஷமா இருக்காரு?” என்றாள் பிளாரன்ஸ். “மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறின பொறவு எந்தப் பய கடலுக்குப் போவான்? தேர் முடிஞ்சு பத்து நாள் ஆனாத்தான் அவனுவளுக்கு வீட்டு வழியே தெரியும்.”

ஜூலை கைவிடப்பட்டது. அது நல்லதுதான், ஜூலையில் எடுத்த நீர் அக்டோபர் வரை தாங்காது. கச்சான் என்கிற மேல்காற்று அடங்கி வாடைக்காற்று தொடங்குவதற்குள், செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் கிடைத்தது. அதை விட்டால் அந்த வருஷம் இல்லை. கருவி அடுத்த வருஷம் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

செல்வோர் பட்டியலில் மறுபடி குறுக்குக் கோடு. அவளுக்குப் பதில் ஆய்வகப் பணியாள் செந்தூர்பாண்டி போகவேண்டும். அவனுக்குப் படகில் ஏறினாலே வாந்தி. ஆகவே படகை ஓட்டும் தண்டல் ரோச்சுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ரோச்சுக்கு ஐம்பத்தெட்டு வயது. இலங்கைக்குத் தோணி ஓட்டியவர். அவள் பள்ளியை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அவரைப் பொறுத்தவரை அவள் டீச்சரம்மாதான்.

படகுத்துறையில் நின்று ஒத்திகை பார்த்தார்கள். பித்தளை நீர்பிடியைக் கயிற்றில் இறக்கி, தண்ணீரோடு ஏற்றி, அதன் ரப்பர் குழாயைக் கண்ணாடிப் போத்தலின் அடிவரைக்கும் விட்டு, மூன்று முறை வழிந்தோட விட்டு, விஷம் இரண்டு சொட்டு விட்டு, கண்ணாடி மூடியைச் சாய்த்துச் செருகவேண்டும். உள்ளே மிளகளவு காற்றுகூட நிற்கக்கூடாது. நின்றால் நீரில் இருக்கிற வாயு அந்தக் காற்றுக்குள் ஏறிவிடும், காற்றில் இருப்பது நீருக்குள் இறங்கும். பிறகு அளப்பது கடலை அல்ல.

ரோச் பார்த்துக்கொண்டிருந்தார். கை சுத்தமான மனிதர். முதல் தடவையே சரியாக நிரப்பினார். நிரப்பி முடித்து, போத்தலைச் சற்றுக் கவிழ்த்து இரண்டு விரல் அளவு தண்ணீரைக் கீழே சிந்திவிட்டு மூடினார்.

“அண்ணாச்சி! என்ன செய்யுதீய?”

“கழுத்து விட்டேன்.”

“விடக்கூடாது. அதத்தானே இவ்வளவு நேரமும் சொன்னேன்?”

“நெறஞ்ச போத்தலக் கடல்ல கொண்டு போவக்கூடாது டீச்சரம்மா. வெயில்ல மூடி தெறிச்சிரும். குடிதண்ணியோ எண்ணெயோ, எதுன்னாலும் ரெண்டு விரல் விட்டுத்தான் மூடணும். எங்க அப்பன் காலத்துலேருந்து இதுதான்.”

“இது குடிக்கிற தண்ணியில்ல. உங்க அப்பன் வழக்கத்த இதுல கொண்டாராதீங்க.”

செந்தூர்பாண்டி சிரித்தான். ரோச் சிரிக்கவில்லை. மறுபடி நிரப்பினார், கழுத்து விடாமல். அவள் அந்தப் போத்தலை வாங்கி நடுப்பகல் வெயிலில் துறைக்கல்லின் மேல் இரண்டு மணி நேரம் வைத்தாள். மூடி அசையவில்லை.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்” என்றார் ரோச்.

எட்டு நாள் ஒத்திகை நடந்தது. கடைசி இரண்டு நாளில் அவர் ஒரு துளி சிந்தவில்லை. நாற்பத்தெட்டுப் போத்தலையும் அவளே கழுவி, மூடிகளைக் கம்பியால் கட்டுவது எப்படி என்று எழுதிப் பெட்டிக்குள் ஒட்டினாள். எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். எந்த இடம், எந்த ஆழம், எந்தப் போத்தல், எத்தனை சொட்டு. பிளாரன்ஸ் நான்கு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தாள்.

படகு போனது. மூன்று நாளும் ஜீவமணி அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய உப்புக் கணக்குகளைச் சரிபார்த்தாள். மேஜைமேல் கடிகாரம் இருந்தது. இப்போது ஐந்தாம் இடம், இப்போது ஆறாம் இடம்.

நாலாம் நாள் காலை படகு வந்து கட்டியபோது துறையில் நின்றாள். செந்தூர்பாண்டி முகம் வெளுத்து முதலில் இறங்கினான். புறப்பட்ட அரை மணியில் படுத்தவன், எழுந்திருக்கவே இல்லையாம். ரோச் பெட்டிகளைத் தானே தூக்கி வந்தார்.

“நாப்பத்தெட்டு. ஒண்ணுகூட உடையல. எண்ணிக்கிடுங்க.”

அவள் முதல் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்தில் இரண்டு விரல் காற்று. அடுத்ததிலும். மண்டியிட்டுப் பெட்டியைத் துழாவினாள். எல்லாவற்றிலும், ஒரே அளவாக, அச்சில் வார்த்ததுபோல.

“அண்ணாச்சி.” ஒரு போத்தலை அவர் முன்னால் நீட்டினாள். “நான் என்ன சொன்னேன்?”

“நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். மூணாவது எடத்துல மூடி தெறிக்க ஆரம்பிச்சுட்டு. டப்பு டப்புன்னு. கம்பியோட தூக்கிட்டு வருது. ரெண்டு போத்தல் கழுத்துல கீறல் விட்டுட்டு. அத்தனையும் போயிருமேன்னுதான், எல்லாத்துலயும் கொஞ்சம் ஊத்திட்டு மூடினேன். இல்லன்னா உங்களுக்கு வெறும் கண்ணாடிதான் வந்திருக்கும்.”

ரோச் பாராட்டுக்காக நின்றார். அவள் போத்தலைப் பெட்டிக்குள் திருப்பி வைத்து மூடியதும் போனார்.

மத்தியானம் அதிகாரி கேட்டார்: “பம்பாய்க்கு அனுப்பியாச்சா?”

“அனுப்பக்கூடாது சார். உள்ள காத்து இருக்கு.”

“ரெண்டு விரல்தானே? மெஷின்ல போட்டா நம்பர் வரும்லா?”

“வரும் சார். எதப் போட்டாலும் நம்பர் வரும்.”

“பின்னே?”

“அது கடலோட நம்பர் இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “ஜீவமணி, நாலு வருஷம். மூணு நாள் படகு. மேல என்ன எழுதச் சொல்லுதீங்க? தண்டல் தண்ணியக் கீழ ஊத்திட்டான்னா?”

“அப்படி எழுதாதீங்க. அவர் பேர்ல தப்பில்ல.”

“அப்ப யார் பேர்ல?”

ஜீவமணி தன் மேஜைக்கு வந்து, மாதிரிகள் அளவீட்டுக்குத் தகுதியற்றவை என்று ஒரே வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பம்பாய்க்கு ஒரு நகலை அனுப்பினாள். அதிகாரி இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. கருவியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

துறைக்கல்லின்மேல் வைத்த போத்தல் ஏன் தெறிக்கவில்லை என்பது அவளை விடவில்லை. மூன்றாம் ஞாயிறு, ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகாமல் படகுத்துறைக்குப் போனாள். ரோச் கயிறு பின்னிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.

“அண்ணாச்சி, மொத மூடி தெறிச்சது எந்தப் போத்தல்?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு? நான் கெடுத்தவன்.”

“கோவப்படாதீங்க. எந்தப் போத்தல்?”

ரோச் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினார். “ஆழத்துத் தண்ணி. நாப்பது பாகத்துக்கு மேல கயிறு விட்டு எடுத்தது. பாரத் தாண்டிட்டாத் தண்ணி எப்படி இருக்கும் தெரியுமா? குழாயப் பிடிச்ச கை வெறைச்சுப் போவுது. போத்தல் வேர்க்குது. அதத் தூக்கி உச்சி வெயில்ல பலகையில வச்சா?”

அவள் துறைக்கல்லைப் பார்த்தாள். ஒத்திகைக்கு எடுத்தது துறையின் மேல்தண்ணீர், ஏற்கனவே வெயிலில் கிடந்தது. அது இன்னும் எவ்வளவு சூடேறிவிடும்? குளிர்ந்த நீர் சூடேறினால் விரியும். அதைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

“ஐஸ் பெட்டியில போட்டிருந்தா?”

“தெறிச்சிருக்காது. மீனுக்கு ரெண்டு பெட்டி ஐஸ் எப்பவும் கெடக்குமே.” ரோச் கயிற்றைக் கீழே வைத்தார். “நீங்க எழுதின தாள்ல ஐஸ்னு இல்ல. தாள்ல இல்லாதத நான் எப்படிச் செய்ய? ஒத்திகையில அப்பன் வழக்கம்னு சொன்னதுக்கே அந்த வாங்கு வாங்கினீங்க.”

“ஆமா.”

“மேல்தண்ணிப் போத்தல் ஒண்ணும் தெறிக்கல. அதையும் சேத்துல்லா ஊத்திட்டேன். அத விட்டு வச்சிருக்கலாம் போல.”

“பன்னிரண்டு போத்தல்” என்றாள் ஜீவமணி. கட்டுரையே அந்த மேல்நீரைப் பற்றியதுதான்.

“அங்கன கேக்கதுக்கு ஒரு ஆள் இல்லையே. செந்தூர்பாண்டிய எழுப்பிக் கேட்டேன். ‘என்னைக் கடல்ல தள்ளிருங்க அண்ணாச்சி’ங்கான்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பாட்டுப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். எத்தனை பாகத்தில் கை குளிர ஆரம்பித்தது, எந்த இடத்தில் எத்தனை மூடி போனது. நாலு வருஷத்தில் அந்தக் கோட்டிலிருந்து அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஜனவரியில் புதிய மனு எழுதினாள். ஐஸ் பெட்டி நான்கு என்று சேர்த்தாள். பம்பாய்க்கு மறுபடி எழுதிக் கேட்டிருந்தாள்; பதில் வரவில்லை. செல்வோர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது ரோச். பிளாரன்ஸ் தட்டச்சு செய்து முடித்து, “மறுபடியுமாக்கா?” என்றாள்.

மனு மார்ச்சில் திரும்பி வந்தது. ஐஸ் பெட்டிக்கு அனுமதி. தேதி பின்னர் அறிவிக்கப்படும். அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில், இந்தத் தடவை குறுக்குக் கோடு இல்லை. ‘ஏன் அவசியம்?’ என்று கேட்டிருந்தார்கள்.

“கேட்டுட்டாங்க பாத்தீங்களா” என்றாள் பிளாரன்ஸ்.

“கேக்க அஞ்சு வருஷம் ஆயிருக்கு” என்றாள் ஜீவமணி. தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். முதல் பக்கம் தீர்ந்தது. இரண்டாம் பக்கத்தில்தான் மூடி தெறித்த மூன்றாவது இடத்துக்கு வந்தாள். மூன்றாம் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது சிவசுப்பிரமணியன் எட்டிப் பார்த்து, ஒரு பக்கத்துக்கு மேல் போனால் மேலே யாரும் படிக்கமாட்டார்கள் என்றார். அவள் மூன்று தாளையும் கிழித்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்து, ‘மூடி தெறித்தபோது என்ன செய்வதென்று கேட்கப் படகில் ஆள் இல்லை’ என்று எழுதினாள்.