நார்த்தூளுக்கு நல்ல தண்ணீர்

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்தது மொட்டை மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை. மனைவிக்கு முழங்கால் வலி வந்தபின் படியிறங்குவது அபூர்வமாயிற்று. கோயில், கடைத்தெரு எல்லாம் நின்றுபோய், மாடியே அவளுக்கு ஊர். அந்த ஊரில் அவள் வளர்த்த நாற்றுகள் நாற்பத்தாறு. மிளகாய் இருபத்து நான்கு, தக்காளி பதினான்கு, கத்தரி எட்டு. பழைய பெயிண்ட் டப்பாக்களிலும் சிமெண்ட் சாக்குகளிலும் மண் நிரப்பி நட்டிருந்தாள். அரிசி கழுவிய தண்ணீர்தான் அவற்றுக்கு.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா, காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர். ஒருநாள் மேலே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இன்னா நைனா, மாடியில வயல் வெச்சிகினு கீறீங்களா? என் ஹால்ல ஒழுவுது. மண்ணு கனம் வேற. மழ வர்றதுக்குள்ள எறக்கிடு. இல்லாங்காட்டி செடியெல்லாம் தூக்கி ரோட்டுல வெச்சிடுவேன், ஆமா.”

 அன்று இரவு என் மனைவி சாப்பிடவில்லை.

துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், ஓய்வுக்குப் பிறகு எண்ணூர் சாலையில் ஒரு கிடங்கில் உட்கார்ந்திருந்தார். தேங்காய் நார்த்தூளைச் செங்கல்போல் அழுத்திக் கப்பலேற்றுகிற இடம். மூலை உடைந்த கட்டிகள் கப்பல் ஏறாது. அவற்றில் பன்னிரண்டைச் சாக்கில் போட்டுக் கொடுத்தார். “மண்ணுல பாதிக் கனம்கூட இருக்காது. ஊறவெச்சு நல்லா அலசிட்டு நடுங்க. நார்ல உப்பு இருக்கும், ரெண்டு மூணு தரம் அலசணும்” என்றார்.

நாங்களும் அலசினோம், மூன்று தரம். கட்டிகள் ஊறிப் பெருத்து மூன்று அன்னக்கூடைகள் நிறைந்தன. வடித்த தண்ணீர் காப்பி டிகாஷன்போல் ஓடியது. அலசியது போர் தண்ணீரில்தான், ஆழ்துளைக் குழாயில் வருவது. எங்கள் பக்கத்தில் அப்போது எந்த வீட்டிலும் அதுதான் சட்டம். குடிக்க, அரிசி களைந்து உலை வைக்க லாரித் தண்ணீர். பாத்திரம் கழுவ, துவைக்க, அலச போர் தண்ணீர். லாரித் தண்ணீரில் பாத்திரம் கழுவினால் தெருவே திட்டும்.

மனைவி ஒவ்வொரு நாற்றையும் வேரோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல ஆட்டி மண்ணை உதிர்த்து, நார்த்தூளில் குழிபறித்து வைத்தாள். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். “அமுக்காதீங்க, அது என்ன, பஞ்சு மூட்டையா?” என்று இரண்டு முறை திட்டு வாங்கினேன். மண் சாக்குகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. வீட்டுக்கார அம்மாவின் முகம் தெளிந்தது.

ஆனால் நாற்றுகளின் முகம் தெளியவில்லை. இலை விளிம்பெல்லாம் சூடு பட்டதுபோல் கருகியது. தக்காளி தலை சாய்ந்தது. வெயில் என்று நினைத்துச் சேலையை விரித்து நிழல் கட்டினோம். நான் காலையும் மாலையும் எண்ணினேன். நின்றவை குறைந்துகொண்டே வந்தன.

ஒரு காலையில் அவள் ஒரு பிடி நார்த்தூளைப் பிழிந்து, வழிந்த சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோலத்தான். உடனே துப்பினாள்.

“ஏங்க, கரிக்குதுங்க. உப்ப எடுக்கத்தானே அலசச் சொன்னாரு. நாம உப்புத் தண்ணியிலயே அலசியிருக்கோம்!”

எங்கள் தெருப் போர் தண்ணீர் கடலுக்கு நெருங்கிய சொந்தம். அதில் மூன்று தரம் அலசினால் மூன்று தரம் உப்பு.

மறுநாள் லாரி வந்தது. எங்கள் பங்கு எட்டுக் குடம். மூன்று குடம் சமையலுக்கு ஒதுக்கினேன். மீதி ஐந்து குடத்தில் எல்லா நார்த்தூளையும் அலச முடியாது. “மிளகாய மட்டும் காப்பாத்தலாம்” என்றேன். அவள் தக்காளியையும் கத்தரியையும் பார்த்தாள்.

அதற்குள் படியில் சத்தம். வீட்டுக்கார அம்மா இடுப்பில் ஒரு குடத்தோடு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“செடிக்குத் தண்ணி பத்தலன்னு காதுல வுழுந்துச்சு. அக்கா அழுவுற மாறி கீதே, இன்னா ஆச்சு?”

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “படிச்ச மன்சன் உப்புத் தண்ணியில உப்பக் கழுவிக்கினு கீறாரு! கீழ இன்னும் ரெண்டு குடம் கீது, போய்த் தூக்கினு வா. குடத்த எண்ணிக்கினு நிக்காத நைனா. அக்கா, மொத மொளகா எனக்கு. மீன் கொழம்புக்கு.”

ஐந்தும் மூன்றுமாக எட்டுக் குடம் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றி, பிழிந்து, மறுபடி ஊற்றி, நாக்கில் வைத்துப் பார்த்து, கரிப்பு போனபின் மறுபடி நட்டோம். மதியம் சாய்ந்துவிட்டது.

முப்பத்தொன்று பிழைத்தன. பதினைந்து போயின. போனவற்றையும் அவள் பிடுங்கவில்லை. உயிருள்ளதற்கு ஊற்றுகிற கையோடு, காய்ந்த குச்சிகளுக்கும் ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம், பத்து நாள். நல்ல தண்ணீர்தான் அது, நான் படியேறிச் சுமந்தது. நான் குடத்தை எண்ணவில்லை.